மின்சார சைக்கிள் வாங்கும் முன்: வீதியில் ஓட என்ன வேண்டும்?

ஊர் திரும்பிய குடும்பத்துக்கு வீடு, கிணறு, மலசலகூடம் ஆகியவற்றுக்கு அடுத்ததாகத் தேவைப்படுவது போய்வர ஒரு வண்டி. புத்தூர்ச் சந்தியில் இருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர். கிளினிக், கச்சேரி, சுன்னாகம் சந்தை, பிள்ளைகளின் ரியூசன் என்று ஒரு கிழமைக்குள் எத்தனையோ தடவை வெளிக்கிட வேண்டியிருக்கிறது. பஸ் எல்லா ஒழுங்கைக்கும் வராது. மோட்டார் சைக்கிள் வாங்கக் கையில் காசு போதாது. இந்த இடத்தில்தான் மின்சார சைக்கிள் பலரின் கண்ணில் படுகிறது.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கியதையும் யாரும் மறக்கவில்லை. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்து ஓடும் வண்டி என்றால் ஆசை வருவது இயல்பு. கூடவே இன்னொரு பேச்சும் பரவியிருக்கிறது: "இதுக்கு லைசன்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், சும்மா ஓடலாம்." வாழ்வாதார உதவிப் பணத்தில் இப்படியான வண்டி வாங்கலாமா என்று எங்கள் கள அலுவலர்களிடம் பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் காசைக் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு. அவற்றை இங்கே தருகிறோம்.

மிதி இருந்தால் அது சைக்கிளா?

பார்வைக்குச் சைக்கிள் போல இருப்பதும், மிதித்து ஓடக்கூடியதாக இருப்பதும் சட்டத்தின் முன் ஒரு வண்டியைச் சைக்கிள் ஆக்கிவிடுவதில்லை. இலங்கையில் இந்த விடயத்தை ஆளுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் ஆகும். இயந்திர வலுவால் ஓடுகின்ற, வீதியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வண்டியை அந்தச் சட்டம் மோட்டார் வாகனமாகவே பார்க்கிறது. அந்த வலு பெற்றோலில் இருந்து வந்தாலும் பற்றரியில் இருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: வண்டியை ஓட்டுவது உங்கள் காலா, மோட்டாரா?

"பொலிஸைக் கண்டால் மோட்டாரை நிற்பாட்டிவிட்டு மிதிப்பேன்" என்று சிலர் சொல்வார்கள். அது உதவாது. வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் பார்க்கப்படும். அந்த நிமிடத்தில் நீங்கள் மிதித்தீர்களா என்பது பெரிய விடயம் அல்ல.

இந்தியாவில் சரி, இலண்டனிலும் சரி. இங்கே?

மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பல வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர்கள், அங்கே இப்படியான வண்டிகள் நம்பர் இல்லாமல் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நீங்கள் கண்டது உண்மைதான். இந்திய விதிகளின்படி, மோட்டார் வலு 250 வாற்றுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை மீறாமலும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சான்றும் அளித்திருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே அதற்குப் பதிவும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பிரித்தானியாவில் 250 வாற் வரையான, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வேகத்தோடு மோட்டார் உதவி நின்றுவிடும் வண்டியை 14 வயதுக்கு மேற்பட்டவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடலாம். கனடாவில் பொதுவான எல்லை 500 வாற், 32 கிலோமீற்றர். சுவிற்சர்லாந்தில் 45 கிலோமீற்றர் வரை உதவும் வேகமான மின்சார சைக்கிளுக்கு மஞ்சள் இலக்கத்தகடும் ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் கோட்டைத் தானே கீறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டின் விலக்கை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. சென்னையில் சரியாக இருந்தது ஆவரங்கால் சந்தியில் சரியாக இருக்கும் என்று எண்ணி வண்டி வாங்கவேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட மாதிரிக்குப் பதிவு தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னால், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அதிகாரம். திணைக்களத்தின் எழுத்துமூலமான உறுதி கையில் இல்லாதவரை, மோட்டார் உள்ள வண்டியை மோட்டார் வாகனம் என்றே எடுத்து நடவுங்கள்.

நான்கு பத்திரங்கள், ஒரு தலைக்கவசம்

வீதியில் இறங்கும் மின்சார மோட்டார் சைக்கிளுக்குப் பின்வருபவை தேவை.

முதலாவது, வாகனப் பதிவு. புதிய வண்டியை முதன்முறை பதிவதற்கான ஆவணங்கள் இறக்குமதியாளர் அல்லது விற்பனையாளர் பக்கம்தான் இருக்கும். ஆகவே பதிவை அவர்களே செய்து, இலக்கத்தோடு வண்டியைத் தரவேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். "பிறகு நீங்களே பதிந்துகொள்ளலாம்" என்ற பேச்சை ஏற்கவேண்டாம்.

இரண்டாவது, காப்புறுதி. குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் நட்டஈடு கொடுக்கவே இது இருக்கிறது. உங்கள் சொந்தக் காயத்துக்கோ வண்டியின் சேதத்துக்கோ இது பொருந்தாது; அதற்கு முழுக் காப்புறுதி தனியாக எடுக்கவேண்டும்.

மூன்றாவது, வருமான அனுமதிப்பத்திரம். இது வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. புத்தூர் மக்களுக்குக் கோப்பாயில் உள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தில் பெறலாம். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் இது கிடைக்காது. ஆகவே காப்புறுதியை முதலில் எடுங்கள். மின்சார வண்டியில் புகை இல்லாதபடியால் புகைப்பரிசோதனைச் செலவு உங்களுக்கு இல்லை.

நான்காவது, ஓட்டுபவருக்கு மோட்டார் சைக்கிள் வகுப்புக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம். இதற்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று படிகள் உண்டு. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். யாழ்ப்பாண மாவட்டச் செயலக வளாகத்தில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் விபரம் கேட்கலாம்.

இந்தியாவில் இருந்து திரும்பியவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் சரிசெய்யப்படாமல் இருந்தால், எல்லாம் அங்கேயே தடைப்பட்டு நிற்கும். எனவே முதலில் கிராம அலுவலரிடம் போய் அந்த வேலையைத் தொடங்குங்கள். இந்தியாவில் எடுத்த ஓட்டுநர் உரிமம் இருந்தால் எறிந்துவிடாமல் திணைக்கள அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

போரில் காலை இழந்தவர்களும் கை பலவீனமானவர்களும் இது தங்களுக்கு இல்லை என்று எண்ணவேண்டாம். உடல்நிலைக்கேற்ப மாற்றியமைத்த வாகனத்துக்கு அனுமதி பெற வழி இருக்கிறது. மருத்துவச் சான்றிதழுக்குப் போகும்போதே அதைக் கேளுங்கள்.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். நாடிப்பட்டியைப் பூட்டாமல் போடும் தலைக்கவசம் விழும்போது தலையில் இருக்காது.

காப்புறுதி இல்லாத ஒரு நாள்

பத்திரம் இல்லாவிட்டால் பொலிஸ் தண்டம் எழுதும், அவ்வளவுதானே என்று எண்ணுபவர்கள் உண்டு. தண்டம் பல்லாயிரம் ரூபாய்க்குப் போகலாம். ஆனாலும் ஒருமுறை கட்டினால் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுத் திட்டப் பணத்தின் கடைசித் தவணை இன்னும் வரவில்லை. மகன் நம்பர் இல்லாத மின்சார சைக்கிளில் சந்திக்குப் போகிறான். வீதியைக் கடந்த முதியவர் ஒருவரை அது தட்டிவிடுகிறது. அவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. மாதக்கணக்கில் படுக்கை. அவருக்குச் சேரவேண்டிய நட்டஈட்டை நீதிமன்றம் தீர்மானிக்கும்போது, காப்புறுதி இருந்தால் அந்தச் சுமையைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும். இல்லாவிட்டால் அதைக் குடும்பம் ஏற்கவேண்டும். அது கூரைக்கு வைத்த காசாக இருக்கலாம், மீட்டெடுத்த தோட்டக் காணியாகவும் இருக்கலாம். அடிபட்டவரும் நம்மைப்போல எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவராக இருக்கக்கூடும். அவரைக் கைவிடாமல் இருக்கவும் இந்தப் பத்திரம் வேண்டும்.

காசைக் கொடுக்கும் முன்

வண்டியின் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட செசி இலக்கமும் மோட்டார் இலக்கமும் ஆவணத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். இலக்கம் இல்லாத, சுரண்டப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். வண்டி வகை, இலக்கங்கள், விலை, பதிவைச் செய்துதருவது யார் என்பன எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வாயால் சொல்லும் உறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதக் கடைக்காரர் மறுத்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பழைய வண்டி என்றால், பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். உடைமை மாற்றப் படிவத்தில் அவர் கையெழுத்திட்டு, மாற்றத்தைத் திணைக்களத்தில் உடனே பதியவேண்டும். "ஓப்பின் பேப்பர்" என்று சொல்லிப் பெயர் மாற்றாமல் கைமாறி வந்த வண்டியில் முன்னைய லீசிங் கடனோ வழக்கோ ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் பூட்டிய மோட்டார்

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். இருப்பதை வைத்து ஓடவைக்கும் கைப்பழக்கம் இந்த மண்ணுக்குப் புதியதல்ல. அதனால்தான் பழைய சைக்கிளில் சிறு எஞ்சினையோ, பின்சில்லில் மின்மோட்டாரையோ பூட்டிப் பார்க்கும் எண்ணம் எளிதாக வருகிறது.

அன்று அது பிழைப்புக்கான வழி. இன்று வீதிகள் காபெற் போட்டு அகலமாகிவிட்டன; வாகன வேகமும் கூடிவிட்டது. சைக்கிளின் பிறேக், முன் கவர், சில்லுக் கம்பி எல்லாம் மிதிக்கும் வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 15 கிலோமீற்றர் வேகத்தில் நிற்கும் றப்பர்க் கட்டை 40 கிலோமீற்றரில், அதுவும் மழையில், நிற்பாட்டாது.

சட்டப்படியும் இது சிக்கல். நாங்களே மோட்டார் பூட்டிய வண்டி 'மாற்றியமைக்கப்பட்ட' வாகனமாகிவிடும். மோட்டார் வாகனமாக உரிய ஆவணம் அதற்கு இல்லை. ஆவணம் இல்லாததைப் பதியமுடியாது. பதியாததற்குக் காப்புறுதி இல்லை. தோட்டத்துக்குள்ளும் வளவுக்குள்ளும் மூட்டை இழுக்க வைத்திருங்கள். படலைக்கு வெளியே கொண்டுவரவேண்டாம்.

வீதி எங்கே தொடங்குகிறது?

"பெரிய றோட்டுக்குப் போகமாட்டேன், ஒழுங்கைக்குள்தான் ஓடுவேன்" என்பது இன்னொரு பேச்சு. பொதுமக்கள் போய்வரும் ஒழுங்கையும் சட்டத்துக்கு வீதிதான். பிரதேச சபை ஒழுங்கை என்பதற்காகப் பத்திரம் தேவையில்லை என்றாகாது. நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது. அதில் எந்த வண்டியும் ஏறக்கூடாது.

ஒழுங்கையில் இன்னொரு கவனமும் வேண்டும். மின்சார வண்டிக்குச் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த மதிலும் வேலியும் உள்ள முடக்கில், வண்டி வருவது முதியவருக்கோ விளையாடும் பிள்ளைக்கோ கேட்காது. முடக்குக்கு முன் வேகத்தைக் குறைத்து ஹோர்ன் அடியுங்கள். நகர, குடிமனைப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 50 கிலோமீற்றர். ஒழுங்கையில் அதன் அரைவாசியும் கூடத்தான்.

பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியைக் கடக்கும்போது பக்கக் காற்று பலமாக அடிக்கும். பாரம் குறைந்த வண்டியை அது தள்ளும். இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். புத்தூர்–மீசாலை வீதியில் வண்ணாத்திப் பாலப் பக்கம், கார்த்திகை, மார்கழி மழையில் நீர் நிற்கும் இடங்களில் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்கவேண்டாம். மோட்டாருக்கும் பற்றரிக்கும் தண்ணீர் பகை.

நீண்டகாலம் விடுவிக்கப்படாமல் இருந்த பகுதிகளில் காணி பார்க்கப் போகிறவர்கள் குறுக்குப் பாதை எடுக்கவேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், மக்கள் பாவிக்காத பற்றைப் பாதையிலும் எந்த வண்டியிலும் போகவேண்டாம்.

பிள்ளையின் கையில் கொடுக்கலாமா?

சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மின்சார சைக்கிள் வாங்கிக்கொடுப்பது, அனுமதி இல்லாதவரிடம் மோட்டார் வாகனத்தைக் கொடுப்பதற்குச் சமம். விபத்து நடந்தால் பிள்ளையோடு வண்டிக்குச் சொந்தக்காரரும் பதில் சொல்லவேண்டும். பிள்ளைக்குச் சாதாரண சைக்கிளே போதும். அதற்கு அனுமதிப்பத்திரம் இல்லை. ஆனால் இடப்பக்கத்தால் ஓடவேண்டும், மணியும் நல்ல பிறேக்கும் இருக்கவேண்டும், இரவில் முன்னால் வெளிச்சமும் பின்னால் சிவப்புத் தெறிப்பானும் வேண்டும். அங்கர் ரின்னில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு ஓடும் காலம் போய்விட்டது. ஒரு சிறு லைற் வாங்கிக் கொடுங்கள்.

பற்றரிக் கணக்கு

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பாமல் கணக்குப் பாருங்கள். 48 வோல்ற், 12 அம்பியர்-மணி என்று பற்றரியில் எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்க 576 வாற்-மணி வரும். மிதிக்காமல் மோட்டாரில் மட்டும் ஓட, கிலோமீற்றருக்கு 20 வாற்-மணி போகிறது என்று வைத்தால், 29 கிலோமீற்றருக்கும் குறைவு. புத்தூரில் இருந்து யாழ்ப்பாணம் போய்வர 30 கிலோமீற்றர். திரும்பி வரும்போது நீர்வேலி தாண்டியதும் மிதிக்க வேண்டிவரலாம். பற்றரி பழசாக இந்தத் தூரம் இன்னும் குறையும். மாற்றுப் பற்றரியின் விலையையும், அது யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். தகரக் கொட்டிலிலோ, பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ, வாசற்படியை மறித்தோ சார்ஜ் போடவேண்டாம். அடுத்த வீட்டில் இருந்து மெல்லிய வயரில் இழுத்த மின்சாரத்தில் போடவேண்டாம். வீங்கிய, வெள்ளத்தில் நனைந்த பற்றரியை வீட்டுக்குள் வைத்திருக்கவேண்டாம்.

விபத்து நேர்ந்தால்

வண்டியை நிறுத்துங்கள். ஓடிவிடவேண்டாம். காயப்பட்டவருக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். பொலிஸ் அவசர இலக்கம் 119. பொலிஸுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதிக்காமல் அறிவியுங்கள். அந்த இடத்திலேயே காசு கொடுத்துச் சமாளித்துவிட்டால், பிறகு காப்புறுதி கேட்கவும் வழியிருக்காது.

மீளக்குடியமர்ந்த முதல் வருடத்தில் ஒவ்வொரு ரூபாயும் ஒருமுறைதான் கையில் வரும். கையில் உள்ள காசு இலக்கத்தோடு கூடிய வண்டிக்குப் போதுமானால் வாங்குங்கள். போதாவிட்டால் நல்ல மிதிசைக்கிள் ஒன்றோடு தொடங்குங்கள். சேமித்துப் பிறகு வாங்கலாம். சந்தேகம் இருந்தால் பற்றுச்சீட்டையும் வண்டியின் விபரத்தையும் எங்கள் கள அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். காசு கைமாறும் முன் வாருங்கள். அப்போதுதான் எங்களாலும் உதவ முடியும்.